நாகஸ்வரம் பயின்ற சாக்ஸபோன்

சார்லி மரியானோ நாகஸ்வரத்தின் பக்கம் திரும்பியபோது நாற்பது வயதைக் கடந்திருந்தார். ஸ்டான் கென்டன், சார்ல்ஸ் மிங்கஸ் போன்றவர்களின் குழுக்களில் ஆல்டோ சாக்ஸபோன் வாசித்துப் பெயரெடுத்தவர். பாஸ்டன் நகரத்துப் பெர்க்லி இசைப்பள்ளியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் இடத்தில் இருந்தவர். அப்படிப்பட்டவர் சீவாளியை உதட்டில் வைத்து, ஒரு ஸ்வரம் அலையாமல் நிற்பதற்காக மூச்சைப் புதிதாகப் பழக்கத் தொடங்கினார். ஜாஸ் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அவருடைய 85 ஆண்டு வாழ்க்கைக்கு அச்சாணியே இதுதான் என்று நான் நினைக்கிறேன். தமிழர்களின் கருவியொன்று இருபதாம் நூற்றாண்டின் ஜாஸுக்குள் நுழைந்த கதை இது. ஆனாலும் தமிழில் இதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

மரியானோ 1923 நவம்பர் 12 அன்று பாஸ்டனில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராணுவ வாத்தியக் குழுவில் வாசித்தார். போர் முடிந்து வெளியே வந்தபோது ஆல்டோ சாக்ஸபோன் எடுத்த ஒவ்வொருவரின் தலைக்கு மேலும் சார்லி பார்க்கர் நின்றுகொண்டிருந்தார். பார்க்கரைப் போல வாசிக்காமல் இருப்பதே ஒரு தலைமுறைக்குச் சவாலாக இருந்தது. மரியானோவும் அந்தப் பிடிக்குள் பல ஆண்டுகள் இருந்தவர்தான். 1950களில் கென்டனின் பெரிய குழு, பிறகு கலிஃபோர்னியாவில் ஷெல்லி மான், மீண்டும் பாஸ்டன் என்று அலைந்தார். ஜப்பானிலிருந்து பெர்க்லிக்குப் படிக்க வந்த பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷியை 1959இல் மணந்தார். இருவரும் சேர்ந்து ஒரு நால்வர் குழு நடத்தினார்கள். சில காலம் ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். பின்னாளில் பாடகியாக அறியப்பட்ட மகள் மண்டே மிச்சிரு 1963இல் டோக்கியோவில் பிறந்தார். 1967இல் அந்த மணவாழ்வு முறிந்தது. மேற்கு நோக்கியே பார்த்துப் பழகிய அமெரிக்க ஜாஸ்காரர் ஒருவருக்கு ஆசியா அன்றாட வாழ்வாக ஆனது இப்படித்தான். யோகம், தியானம், சிதார் என்று அந்தப் பத்தாண்டின் கடைசியில் பரவிய கவர்ச்சி வருவதற்கு முன்பே அவர் கீழ்த்திசை வீடொன்றில் குடும்பம் நடத்தியிருந்தார்.

அதே 1963 ஜனவரியில் மிங்கஸ் 11 பேர் கொண்ட குழுவோடு ஓர் இசைத்தட்டுக்காகப் பதிவரங்கில் நுழைந்தார். ‘தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி’ என்ற அந்தத் தட்டில் மரியானோவின் ஆல்டோ செய்வதை எழுத்தில் கொண்டுவருவது கடினம். மிங்கஸ் அதை நடனத்துக்கான இசையாக எண்ணிக் கட்டியிருந்தார். கனத்த பித்தளைக் கருவிகள் உறுமிக்கொண்டு நகரும்போது அவற்றின் மேலே ஓர் ஒற்றைக் குரல் எழுகிறது. கெஞ்சுகிறது, வழுக்கி விழுகிறது, மறுபடி எழுந்து கத்துகிறது. மரியானோவின் சில பகுதிகள் குழு வாசித்து முடித்த பிறகு தனியாகப் பதிவு செய்து மேலே சேர்க்கப்பட்டவை. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே அறையில் வாசிப்பதே ஜாஸ் என்று நம்பிய காலத்தில் மிங்கஸ் அந்த விதியை மீறியதற்கு, இந்த ஆல்டோவின் மேல் அவருக்கு இருந்த பசியே காரணமாக இருக்க வேண்டும். பார்க்கரின் நிழல் விலகிப்போன மரியானோ இங்கே கேட்கக் கிடைக்கிறார். பார்க்கரிடம் ஸ்வரங்கள் மின்னல் வேகத்தில் அடுக்கடுக்காக வரும். இங்கேயோ வாசிப்பவரின் கவனம் முழுக்க இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே கிடக்கும் வெளியில் இருக்கிறது. ஒரு ஸ்வரத்தைக் கீழே இருந்து தொட்டு, இழுத்து, மேலே ஏற்றி, அங்கேயும் நிற்க மாட்டாமல் சற்று அப்பால் தள்ளுகிறார்.

கர்நாடக இசை கேட்டு வளர்ந்த காதுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். கமகம் என்று நாம் அறிந்திருக்கும் ஒன்றை, அதன் இலக்கணமோ பெயரோ தெரியாமல், ஒரு மனிதர் தன் நெஞ்சின் தேவையால் தேடிப் போய்க்கொண்டிருந்தார். தேடியவருக்குக் கருவி கிடைத்தது கோலாலம்பூரில்.

1956இல் டிஸ்ஸி கில்லெஸ்பியை அனுப்பியதிலிருந்தே அமெரிக்க அரசு ஜாஸ் கலைஞர்களை வெளிநாடுகளுக்குத் தூதுவர்கள் போல அனுப்பிக்கொண்டிருந்தது. பனிப்போர்க் காலத்துக் கணக்குகள் அதற்குப் பின்னால் இருந்தன. டேவ் பிரூபெக் 1958இல் மெட்ராஸில்கூட வாசித்துவிட்டுப் போனார். இத்தகைய பயணங்கள் பெரும்பாலும் ஊர் ஊராக ஓரிரு கச்சேரிகளோடு முடிந்துவிடும். 1960களின் நடுவில் மரியானோ மலேசியாவுக்குப் போனது வேறு வகை. மலேசிய வானொலியின் வாத்தியக் குழுவோடு அங்கேயே தங்கி வேலை செய்யும் பொறுப்பு அவருக்கு. ஊரில் இருப்பவர்களோடு தினமும் உட்கார்ந்து வாசிக்க வேண்டும், ஊர் ஓசைகளுக்குள் வாழ வேண்டும். அந்த ஓசைகளில் ஒன்று நாகஸ்வரம். ரப்பர்த் தோட்டங்களுக்கும் ரயில்பாதை வேலைக்கும் கப்பலேறிப் போன தமிழர்கள் தங்கள் சாமிகளோடு மேளத்தையும் கொண்டுபோயிருந்தார்கள். கோயில் பூசை, கல்யாணம், தைப்பூசம் எல்லாவற்றிலும் அது ஒலித்தது. தஞ்சைக் கரையில் பிறந்த வாத்தியம் பாஸ்டன்காரர் காதில் விழுந்ததற்கு வழி போட்டவர்கள் கூலிகளாய்ப் போன அந்தத் தமிழர்கள். இந்தக் கடனை ஜாஸ் புத்தகங்கள் எங்கும் எழுதவில்லை.

இரண்டு கருவிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அவருக்கு ஏன் இத்தனை ஈர்ப்பு என்பது விளங்கும். அடோல்ஃப் சாக்ஸ் 1846இல் பாரிஸில் காப்புரிமை வாங்கிய சாக்ஸபோன் ஒரு கூம்புக் குழல். நாகஸ்வரமும் கூம்புக் குழல்தான். இரண்டிலும் ஒலி பிறப்பது நாணல் தட்டையின் அதிர்வில். ஆனால் சாக்ஸபோனில் ஒற்றை நாணல், அதுவும் ஒரு வாய்முகப்பில் கட்டப்பட்டிருக்கிறது. துளைகளை மூடித் திறக்க இருபதுக்கு மேற்பட்ட பொத்தான்களும் நெம்புகளும் உண்டு. ஐரோப்பியத் தொழிற்சாலை நூற்றாண்டின் குழந்தை அது. ஸ்வரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்ற முடிவில் பாதியை இயந்திரமே எடுத்துவிடுகிறது. நாகஸ்வரத்திலோ ஆச்சா மரத்தில் கடைந்த உலவு, மேலே விரல்களுக்கான ஏழு துளைகள், கெண்டையில் செருகிய இரட்டை நாணல் சீவாளி, கீழே அணசு, அவ்வளவுதான். பொத்தான் எதுவும் கிடையாது. ஒரு துளையை மூடியதும் ஸ்வரம் தானாக வந்து நிற்காது. உதடு எவ்வளவு அழுத்துகிறது, சீவாளி எவ்வளவு உள்ளே போயிருக்கிறது, அடிவயிற்றிலிருந்து மூச்சு எந்த வேகத்தில் ஏறுகிறது என்பதைப் பொறுத்து அதே விரலில் ஸ்வரம் ஏறும், இறங்கும். இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவே மிங்கஸின் தட்டில் அவர் மூச்சைக் கொட்டித் தேடிய அந்த வெளி, நாகஸ்வரத்தில் வாசல் திறந்தே கிடக்கிறது. அதற்குள் நடக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் கஷ்டம். நம் வித்வான்கள் அதற்காகச் சின்ன வயதிலிருந்தே உயிரைக் கொடுக்கிறார்கள்.

பின்னர் தென்னிந்தியாவுக்கே வந்து தங்கியும் மரியானோ நாகஸ்வரம் பயின்றார். அவருடைய வாசிப்பைத் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியோடோ காருகுறிச்சி அருணாசலத்தோடோ ஒப்பிட்டுப் பேசுவது நியாயமாகாது. ராகத்தை வளர்த்துக்கொண்டு போகும் கட்டுமானம் அவரிடம் இல்லை. மேல் ஸ்தாயியில் நாதம் சில நேரம் மெலிந்துபோகிறது, பிருகாக்கள் வந்து விழ வேண்டிய இடத்தில் அவர் ஜாஸ்காரரின் சொற்றொடரோடு ஒதுங்கிவிடுகிறார். இவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த நாதத்தின் குணத்தை அவர் கெடுக்கவில்லை. அதன் கரகரப்பை இழைத்து வழவழப்பாக்கி, வெள்ளைக்காரக் காதுக்கு இதமாகப் பரிமாற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை. திறந்தவெளிக்குப் பிறந்த வாத்தியத்தின் வீரியம் அவர் பதிவுகளில் அப்படியே இருக்கிறது.

1970களின் தொடக்கத்தில் ஜாஸும் ராக்கும் மின்னிசையும் ஒன்றோடொன்று கலந்துகொண்டிருந்தன. மைல்ஸ் டேவிஸின் ‘பிச்சஸ் ப்ரூ’ 1970இல் வெளிவந்த பிறகு ஃப்யூஷன் என்பது பெரிய வியாபாரமும் ஆயிற்று. மரியானோ பாஸ்டனில் ஆஸ்மோசிஸ் என்ற குழுவோடு அந்த நீரில் இறங்கிவிட்டு ஐரோப்பாவுக்குப் போய்விட்டார். ஜெர்மனியில் எம்ப்ரியோ, டச்சுக்காரர்களின் சூப்பர்சிஸ்டர், யாஸ்பர் வான்ட் ஹாஃப், ஃபிலிப் கேத்தரின் ஆகியோருடன் போர்க் பை என்று அடுத்தடுத்துக் குழுக்கள். பிறகு வுல்ஃப்காங் டவுனர் சேர்த்த யுனைடட் ஜாஸ் அண்ட் ராக் என்சம்பிள். அந்தக் குழுவில் ஆளுக்கொரு குழுவை நடத்திக்கொண்டிருந்த தலைவர்களே உறுப்பினர்கள். அமெரிக்காவில் ஜாஸுக்கு வேலை குறைந்துபோன ஆண்டுகள் அவை. ஜெர்மனியின் வானொலி நிலையங்களும் விழாக்களும் சிறு இசைத்தட்டு நிறுவனங்களும் ஒரு கலைஞரைச் சோறு போட்டு வைத்திருக்கும் நிலையில் இருந்தன. கடைசியில் கொலோன் நகரமே அவருக்கு வீடானது.

இந்தக் காலத்துத் தட்டுகளில் நாகஸ்வரம் வருகிறது. 1976இல் வந்த ‘ஹெலன் 12 ட்ரீஸ்’ தட்டில் யான் ஹாமரின் மின்விசைப்பலகைகளும் ஜாக் ப்ரூஸின் பேஸ் கிட்டாரும் சூழ நிற்கிறார். முதல் பாடலுக்குப் பார்வதியின் நடனம் என்ற பொருளில் பெயர். பேஸ் கலைஞர் எபர்ஹார்ட் வெபரின் ‘யெல்லோ ஃபீல்ட்ஸ்’ 1975இல் பதிவானது. அதில் சோப்ரானோ சாக்ஸபோனோடு ஷெனாயும் நாகஸ்வரமும் வாசித்தார். எனக்கு வெபரின் தட்டுதான் மேலானது. ஹாமரும் ப்ரூஸும் இருக்கும் இடத்தில் எல்லோருமே உரக்கப் பேசுகிறார்கள். நாகஸ்வரமும் அந்தச் சத்தத்தில் இன்னொரு சத்தமாகிவிடும் ஆபத்து இருக்கிறது. வெபரோ இடம் விட்டு எழுதுகிறவர். பேஸின் நீண்ட அதிர்வுக்கு மேலே நாகஸ்வரம் தனியாக எழுந்து நிற்க முடிகிறது. கேட்கும்போது ஒத்து ஊதுகிறவர் பக்கத்தில் இருப்பதுபோல் ஒரு கணம் பிரமை தட்டும்.

ஒரு கணம்தான். மரியானோ கொண்டுபோனது நாகஸ்வரத்தை மட்டும். தவில் இங்கேயே இருந்துவிட்டது. நமக்கு நாகஸ்வரம் என்பது எப்போதும் ஒற்றைக் கருவி கிடையாது. தவிலும் ஒத்தும் தாளமும் சேர்ந்த பெரிய மேளம் அது. மல்லாரி புறப்பாட்டுக்கு, இன்ன ராகம் இன்ன வேளைக்கு என்று கோயிலின் பொழுதோடு பிணைந்தது. அந்தப் பிணைப்பை அறுத்து எடுத்துப் போனால் வாத்தியம் எதையோ இழக்கத்தான் செய்யும். எலெக்ட்ரிக் பியானோவோடு அதைக் கேட்கும்போது தவிலின் வலந்தலை வந்து விழ வேண்டிய இடங்கள் காலியாகக் கிடப்பது என் காதுக்குத் தெரிகிறது.

அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் ஊரில் இந்த வாத்தியத்துக்கு நாம் என்ன செய்தோம் என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. மேடையில் உட்கார்ந்து வாசிக்கும் மரியாதைக்காக ராஜரத்தினம் பிள்ளை போன்ற ஒரு மேதையே போராட வேண்டியிருந்தது. இன்றும் சபாக்களின் திருவிழாக் காலத்தில் நாகஸ்வரம் பல இடங்களில் தொடக்க நாள் மங்கலத்துக்கு வந்துவிட்டுப் போகிறது. பிறப்பு சார்ந்த கணக்குகள் வாத்தியத்தின் மேலும் வாசிக்கிறவரின் மேலும் ஏற்றி வைத்த சுமை இன்னும் முழுசாக இறங்கவில்லை. எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் வீணைக்கும் வயலினுக்கும் அனுப்பப்படுகிறார்கள். நாகஸ்வரத்துக்கு அனுப்பும் வீடுகள் இன்றும் அரிது. மரியானோவுக்கு இந்தச் சுமை எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நாதத்தைக் கேட்டார், அது வேண்டும் என்று நினைத்தார், அதைக் கற்றவர்களிடம் போய்க் கற்றார். ஒரு வாத்தியத்தை அணுக இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை.

அவர் வாழ்க்கையின் மிக அழகிய திருப்பம் இதற்குப் பிறகு வருகிறது. பெங்களூரில் டி.ஏ.எஸ். மணி 1964இல் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன் குழுவோடு மரியானோ நெருங்கிப் பழகி வாசிக்கத் தொடங்கினார். மணி மிருதங்கம், அவர் மனைவி ஆர்.ஏ. ரமாமணி வாய்ப்பாட்டு, ஆர்.ஏ. ராஜகோபால் கடமும் மோர்சிங்கும், டி.என். சசிகுமார் கஞ்சிரா. 1983இல் இவர்களோடு ஜெர்மனியில் பதிவு செய்த ‘ஜோதி’ தட்டை ஈசிஎம் நிறுவனம் வெளியிட்டது. கர்நாடக இசைக்கு அவர் மிக அருகில் வந்து நின்ற இடம் இதுதான். இந்தத் தட்டில் அவர் நாகஸ்வரம் வாசிக்கவில்லை. புல்லாங்குழல், சோப்ரானோ, ஆல்டோ இவற்றோடு மட்டுமே வந்து உட்கார்ந்தார்.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஜெர்மானிய ராக் குழுக்களின் நடுவே நாகஸ்வரத்தை எடுத்தவர், கொன்னக்கோலும் மிருதங்கமும் சுற்றிலும் இருக்கும்போது அதைக் கீழே வைத்துவிட்டார். எனக்குக் கிடைக்கும் விடை இது. அயலில் இருக்கும்போது நாகஸ்வரம் அவருக்கு ஊர் நினைவைப் போலத் தேவைப்பட்டது. ஊருக்கே வந்த பிறகு, அந்த வாத்தியம் கற்பித்ததைத் தன் சொந்தக் கருவியில் பேச வேண்டும் என்ற நேர்மை எழுந்தது. ரமாமணியின் குரல் தனியாக எழுந்து தட்டைத் தொடங்கி வைக்கிறது. பிறகு ஆல்டோ உள்ளே வரும்போது அது மிங்கஸின் தட்டில் கேட்ட அதே ஆல்டோதான், ஆனால் அவசரம் போய்விட்டது. குரல் ஒரு ஸ்வரத்தில் எப்படி இறங்குகிறது என்று காத்திருந்து கேட்டு, அந்தச் சரிவிலேயே தானும் இறங்குகிறது. இயந்திரப் பொத்தான்களின் எல்லையை உதடு தாண்டிவிடுகிறது. கொன்னக்கோல் சொற்கட்டுகள் கோர்வைகளாக அடுக்கப்படும்போது தாளக்கணக்கில் போட்டிபோட அவர் முயல்வதில்லை. கணக்கை அவர்களிடம் விட்டுவிட்டு அதன் மேல் நாதத்தை நிறுத்தி வைக்கிறார். ஃப்யூஷன் என்ற பெயரில் யார் வேகமாக வாசிப்பது என்று மேடையில் மல்லுக்கட்டிய எத்தனையோ கச்சேரிகளைக் கேட்டுச் சலித்தவர்களுக்கு இந்த அடக்கம் பெரிய ஆறுதல். 1970களின் ஃப்யூஷன் குழுவான சக்தியின் பாய்ச்சலில் எனக்கு மதிப்பு உண்டு. விக்கு விநாயகராமின் கடம் உலகைச் சுற்றியது அதனால்தான். இருந்தாலும் மறுபடி மறுபடி நான் போய் நிற்பது ‘ஜோதி’யிடம்.

எதிர்த்திசையில் நடந்த ஒருவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். கத்ரி கோபால்நாத் 1949இல் கர்நாடகத்தின் தென்கன்னடப் பகுதியில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையே நாகஸ்வர வித்வான். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்ட சிறுவன் அதில் மயங்கினான். மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடமும் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்று, கருவியின் பொத்தான்களைக் கமகத்துக்கு ஏற்ப மாற்றியமைத்து, ஆல்டோ சாக்ஸபோனைக் கர்நாடகக் கச்சேரி வாத்தியமாக்கினார். 1994இல் ‘டூயட்’ படத்தின் மூலம் தமிழ்நாட்டுத் தெருமுனைவரை அந்த நாதம் போய்ச் சேர்ந்தது. கோபால்நாத்தின் சாக்ஸபோனை உற்றுக் கேட்டால் அதற்குள் நாகஸ்வரம் இருக்கிறது. நீண்ட மூச்சு, விரிந்த எடுப்பு, கடைசி வரிசைவரை போய் விழும் வீச்சு எல்லாம் அப்பா வீட்டுச் சொத்து. நாகஸ்வர வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார். சாக்ஸபோன்காரர் நாகஸ்வரத்துக்கு வந்தார். ஒருவர் அரங்கு நிறைந்த கைதட்டலும் பத்மஸ்ரீயும் பெற்றார், அதற்கு முழுத் தகுதியும் உடையவர். மற்றவரை நாம் பார்க்கவே இல்லை. மேலைக் கருவி நம்மிடம் வந்து பணிந்தால் பெருமைப்படுகிறோம். நம் கருவியிடம் ஒரு மேலை மேதை மாணவனாய் வந்து நின்றதை ஏன் கொண்டாடத் தோன்றவில்லை? நாமே அந்தக் கருவியின் முன் மாணவர்களாய் நின்று பழகவில்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

மரியானோ கடைசி ஆண்டுகளில் புற்றுநோயோடு வாழ்ந்தார். வாசிப்பதை நிறுத்தவில்லை. 2009 ஜூன் 16 அன்று கொலோனில் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் ஸ்டுட்கார்ட் நகரத்து மேடையில் பழைய போர்க் பை நண்பர்களான வான்ட் ஹாஃப், கேத்தரின் இருவரோடும் வாசித்தது ‘தி கிரேட் கான்சர்ட்’ என்ற பெயரில் தட்டாக வந்திருக்கிறது. அதில் டிரம்ஸ் கிடையாது. பியானோ, கிட்டார், ஆல்டோ மட்டும்தான், பின்னால் ஒளிந்துகொள்ள எதுவும் இல்லை. மரியானோவைப் புதிதாகக் கேட்கப் போகிறவர்கள் முதலில் 1963இன் மிங்கஸ் தட்டையும், உடனே இதையும் கேட்க வேண்டும் என்பேன். நாகஸ்வரம் வரும் தட்டுகளைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். முதல் தட்டில் ஒரு ஸ்வரத்தைக் கீழிருந்து தொட்டு ஏறும்போது அது அடைந்துவிடத் துடிக்கும் ஏற்றம், பல நேரம் கதறலாகவே முடிகிறது. 45 ஆண்டு கழித்தும் அதே இடத்தில் கீழிருந்துதான் தொடங்குகிறார். ஏறும் வேகம் குறைந்திருக்கிறது, மூச்சும் வயதுக்குரிய மூச்சுதான். ஏறும் வழியில் உள்ள ஒவ்வொரு படியும் இப்போது தனித்தனியாகக் காதுக்குக் கேட்கிறது.